உயிரெழுத்து இல்லாத பெயர்கள்

சென்ற மாரிகாலத்தில் ஒரு நாள் இரவு, சாப்பாட்டு மேசையில் வேலைக் கணனியை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். இரவுக் கடமை. முன்னர் என்றால் இதற்காகப் பனியில் பஸ் பிடித்து அலுவலகம் போகவேண்டும். இப்போது வீட்டிலிருந்தே பார்க்கலாம். அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்தபடி திரையை எட்டிப் பார்த்தா.

"இதென்ன தம்பி, லொத்தர் நம்பரே?"

வரிவரியாகத் திரையில் இருந்தவை பெயர்கள். ஒவ்வொன்றும் மூன்று துண்டு. முதல் துண்டு 'ஓடர்' என்ற வாசிக்கக் கூடிய சொல். கடைகளின் ஓடர்களை ஏற்கும் புறோகிராமின் பெயர் அது. அடுத்தது இலக்கமும் எழுத்தும் கலந்த பத்து எழுத்துத் துண்டு. கடைசியில் ஐந்தே ஐந்து எழுத்து: எக்ஸ், 7, கே, 2, டபிள்யூ என்பது போல. முதல் இரண்டு துண்டும் எல்லா வரியிலும் ஒன்றாக இருக்க, கடைசி ஐந்தும் வரிக்கு வரி வேறுபட்டன.

"எல்லாம் பேர்தான் அம்மா."

"ஆர் வைச்சது?"

"மிசின் தானாவே வைக்கும்."

"பின்னை ஏன் வாயிலை நுழையாத பேராய்ப் பாத்து வைக்குது?"

இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வருடத்திலேயே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. கேட்காமல் விட்டதற்கு மூன்று நாள் கணக்கு விலையாகப் போனது. அதைப் பின்னால் சொல்கிறேன். எங்கள் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று 'கிளவுட்டில் வேலை' என்கிறார்கள், பெற்றோர் நாமும் விளங்கியது போலத் தலையாட்டுகிறோம். அங்கே நடப்பதில் ஒரு சிறு மூலையையாவது தெரிந்து வைத்திருக்கலாம் என்றுதான், அன்றிரவு அம்மாவுக்குச் சொன்னதைச் சற்று ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

கொள்கலனும் மீகாமனும்

பண்டகசாலைகளில் வேலை செய்த எம்மவர் கொள்கலன் கதவில் எழுதியிருக்கும் இலக்கத்தைப் பார்த்திருப்பார்கள். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், பிறகு ஒரு சிறு கட்டத்துக்குள் இன்னும் ஓர் இலக்கம். முதல் மூன்று எழுத்து சொந்தக்காரரைக் காட்டும். நான்காவது என்ன வகை என்று சொல்லும். ஆறு இலக்கமும் தொடர் எண். கட்டத்துக்குள் இருப்பது சரிபார்க்கும் இலக்கம். முன்னால் உள்ளவற்றில் ஒன்றைப் பிழையாக எழுதிவிட்டால் பெரும்பாலும் கணக்கு இடித்துக் காட்டிக் கொடுக்கும். 1956 ஏப்ரல் 26 ஆம் திகதி மல்கம் மக்லீன் என்ற அமெரிக்க லொறி முதலாளி 58 கொள்கலன்களை 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் ஏற்றி நுவார்க்கிலிருந்து ஹூஸ்ரனுக்கு அனுப்பிய நாளிலிருந்து வளர்ந்த உலகம் அது. பயணத்துக்குப் பயணம் அந்தப் பெட்டியின் இலக்கம் மாறாது.

கணனிக்காரர் இந்தச் சொல்லைக் கடன் வாங்கினார்கள். ஒரு புறோகிராமையும், அது ஓடுவதற்கு வேண்டிய எல்லாக் கோப்புகளையும் ஒரே பெட்டிக்குள் அடைத்துவிட்டால், எந்தக் கணனியில் இறக்கினாலும் ஒரே மாதிரி ஓடும். அந்தப் பெட்டிதான் மென்பொருள் கொள்கலன். 2013 இல் வெளிவந்த டொக்கர் என்ற மென்பொருள் இதை எல்லோருக்கும் எட்டும் பொருளாக்கியது.

டொக்கர் பெயர் வைக்கும் விதம் வேடிக்கையானது. நீங்கள் ஒரு பெயரும் கொடுக்காவிட்டால் அது ஓர் அடைமொழியையும் ஓர் அறிஞரின் பெயரையும் எழுந்தமானமாக எடுத்து ஒட்டிவிடும். அந்த அறிஞர் பட்டியலில் ராமானுஜன் இருக்கிறார், சி. வி. ராமன் இருக்கிறார், சந்திரசேகர் இருக்கிறார், அப்துல் கலாமும் இருக்கிறார். உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் ஒருவர் ஒரு பெட்டியைத் திறக்க, அதற்கு 'மகிழ்ச்சியான ராமானுஜன்' என்றோ 'பசித்த ராமன்' என்றோ பெயர் விழலாம். அப்பிள் கொம்பனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீவ் வொஸ்னியாக்குக்கு மட்டும் ஒரு சலுகை: 'சலிப்பூட்டும்' என்ற அடைமொழி அவர் பெயருடன் சேர்ந்து வந்தால் மறுபடி குலுக்கிப் போடும்படி அந்த மென்பொருளிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஒரு கணனியில் நாலைந்து பெட்டி என்றால் இந்த விளையாட்டுப் போதும். ஆயிரக்கணக்கான கணனிகளை ஒன்றாகக் கட்டி, அவற்றின் மேல் பல்லாயிரம் பெட்டிகளை ஓட்டும்போது யாராவது ஒருவர் சுக்கான் பிடிக்க வேண்டும். கூகிள் நிறுவனம் தன் சொந்தத் தேவைக்கு போர்க் என்ற ஒன்றை வைத்திருந்தது. அதில் படித்த பாடங்களோடு 2014 யூன் மாதத்தில் எல்லோருக்குமாக வெளியிட்டதுதான் குபர்னெற்றிஸ். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குக் கப்பலின் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். எமக்கு அதற்கு மீகாமன் என்ற அழகான பழஞ்சொல் உண்டு.

இந்த மீகாமனிடம் "இந்தப் புறோகிராமுக்கு எந்நேரமும் பத்துப் பிரதி ஓடவேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால் போதும். பத்தில் ஒன்று விழுந்தால் புதிதாக ஒன்றை எழுப்பும். ஒரு கணனியே செத்தால் அதிலிருந்த பிரதிகளுக்குப் பதிலாக வேறு கணனிகளில் எழுப்பும். ஒவ்வொரு பிரதியையும் 'பொட்' என்பார்கள். ஒரு பெட்டியோ, சேர்ந்தே இருக்கவேண்டிய சில பெட்டிகளோ அதற்குள் இருக்கும். நிமிடத்துக்கு நிமிடம் பிறந்து சாகும் இந்தப் பிரதிகளுக்கு மனிதர் இருந்து பெயர் வைக்க முடியுமா? முடியாது. ஆகவே பெயரும் தானாகவே பிறக்கிறது.

மூன்று துண்டு

முதல் துண்டு மட்டும்தான் மனிதர் கொடுத்தது. நாங்கள் 'ஓடர்' என்று வைத்தோம்.

இரண்டாவது துண்டு ஒரு கைரேகை மாதிரி. பிரதி எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு ஒரு குறிப்புத்தாள் உண்டு: எந்தப் பதிப்பு, எவ்வளவு நினைவகம், என்னென்ன அமைப்புகள் என்று சமையல் குறிப்புப் போல. அந்தத் தாளை முழுவதுமாக ஒரு கணக்கில் போட்டுப் பிழிந்தால் 0 க்கும் 4,294,967,295 க்கும் இடைப்பட்ட ஓர் எண் வரும். தாள் மாறாதவரை எண்ணும் மாறாது. தாளில் ஓர் எழுத்தை மாற்றினாலே எண் முற்றிலும் வேறாகிவிடும்.

அந்த எண்ணை அப்படியே எழுதுவதும் இல்லை. முந்திய பதிப்புகளில் இலக்கங்களாகவே தெரிந்தன. இப்போது ஒவ்வோர் இலக்கத்துக்கும் வேறொரு குறி போடப்படுகிறது. 0 க்கு 4, 1 க்கு 5, 2 க்கு 6, 3 க்கு 7, 4 க்கு 8, 5 க்கு 9 என்று போய், 6 க்கு பி, 7 க்கு சி, 8 க்கு டி, 9 க்கு எப் என்று முடியும். 1234567890 என்ற எண் வந்தால் அது 56789 பி சி டி எப் 4 என்று திரையில் நிற்கும். ஆகவே நடுத்துண்டில் இந்தப் பத்துக் குறிகளைத் தவிர வேறொன்றும் வரவே வராது. நான் வருடக்கணக்காக இந்தப் பெயர்களைப் பார்த்தும் இதைக் கவனிக்கவில்லை. ஒருநாள் மூலநிரலைத் திறந்து படித்தபோதுதான், இவ்வளவு காலமும் கண்ணை மூடிக்கொண்டா இருந்தேன் என்று தோன்றியது.

நடுத்துண்டால் ஒரு பெரிய நன்மை உண்டு. புதிய பதிப்பை வெளியிடும்போது குறிப்புத்தாள் மாறுகிறது, எனவே கைரேகையும் மாறுகிறது. புதிய கைரேகையுடன் பிரதிகள் ஒவ்வொன்றாக எழும்ப, பழைய கைரேகை உள்ளவை ஒவ்வொன்றாக இறங்கும். திரையைப் பார்த்தவுடனே யார் பழையவர், யார் புதியவர் என்று தெரிந்துவிடும். புதிய பதிப்பில் பிழை என்று கண்டு பழையதற்குத் திரும்பினால், குறிப்புத்தாள் பழையதுதானே, பழைய கைரேகையே திரும்பி வரும். வேறாகச் சொல்லி வைக்காவிட்டால் பத்துப் பழைய தொகுதிகளின் தாள்களை மீகாமன் இதற்காகவே ஆளில்லாத வீடுகள் போல வைத்திருக்கும். வெவ்வேறு இரண்டு தாள்களுக்குத் தற்செயலாக ஒரே எண் வந்துவிட்டால் என்ன செய்வது? ஒரு எண்ணிக்கையை ஒன்றால் கூட்டி, அதையும் சேர்த்துப் பிழிந்து வேறு எண் எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது துண்டுதான் அம்மாவின் லொத்தர் நம்பர். இந்த ஐந்தும் எழுந்தமானமாக எடுக்கப்படுபவை. எடுக்கும் பெட்டியில் மொத்தம் 27 குறிகள்: ஆங்கில மெய்யெழுத்துகள் 20, இலக்கங்கள் 7. ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஆகிய ஐந்து உயிரெழுத்தும் கிடையாது. வை என்ற எழுத்தும் இல்லை. இலக்கங்களில் 0, 1, 3 ஆகிய மூன்றும் இல்லை. அவை ஓ, ஐ, ஈ போலத் தோற்றம் காட்டுபவை. உயிரெழுத்தை ஏன் எடுத்தார்கள் என்பதை மூலநிரலிலேயே குறித்திருக்கிறார்கள்: தற்செயலாகக் கெட்ட வார்த்தை உருவாகிவிடும் வாய்ப்பைக் குறைக்கத்தானாம். ஐந்தெழுத்தை மிசின் குருட்டாம்போக்கில் எடுத்து அடுக்க, வாடிக்கையாளர் முன்னிலையில் திரையில் ஒரு தூஷணம் வந்து நின்றால் எப்படி இருக்கும்!

அம்மாவுக்கு இதைச் சொன்னபோது சிரித்தா. "அப்ப உயிரை எடுத்துப்போட்டு மெய்யை மட்டும் விட்டிருக்கிறாங்கள். அதுதான் வாயிலை வரேல்லை." அவ ஊரில் பாலர் வகுப்புப் படிப்பித்தவ. நான் சுற்றி வளைத்ததை ஒரே வரியில் முடித்துவிட்டா.

27 குறியில் ஐந்து எடுத்தால் 14,348,907 பெயர் வரும். ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு இருக்க ஒரே பெயர் இருமுறை வருமா என்று நினைக்கலாம். ஒரு கலியாண மண்டபத்தில் 23 பேர் இருந்தாலே அவர்களில் இருவருக்கு ஒரே பிறந்தநாளாக இருக்கும் வாய்ப்புப் பாதிக்கு மேல் என்பது கணக்கில் பிரசித்தமான விடயம். அதே கணக்குப்படி, முன்துண்டுகள் ஒன்றாக இருக்கும் ஏறத்தாழ 4,460 பிரதிகள் இருந்தாலே எங்கோ ஒரு மோதல் வரும் வாய்ப்புப் பாதியாகிவிடும். மோதினால் ஒன்றை ஒன்று அழிப்பதில்லை; அப்பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்று இரண்டாவதை மறுத்துவிடும். முன்னர் கேட்டவர்தான் திரும்பவும் கேட்கவேண்டும். 2024 டிசெம்பரில் வந்த 1.32 ஆம் பதிப்பில் நிரந்தரமாகிய ஏற்பாட்டின்படி, எட்டு முறை வரை அதுவே வேறு ஐந்தெழுத்துக் குலுக்கிப் பார்க்கும்.

பெயரின் நீளத்துக்கும் எல்லை உண்டு. இன்ரநெற்றின் பெயர் விதிகளில், இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள ஒரு துண்டு 63 எழுத்துக்கு மேற்படக் கூடாது என்று 1987 இலேயே எழுதி வைத்துவிட்டார்கள். ஆகவே தானாக வைக்கும் பெயரும் 63 இல் நிற்கவேண்டும். ஐந்தெழுத்துக்கு இடம் விட்டு, முன்னால் உள்ளது 58 ஐத் தாண்டினால் மீதியை வெட்டிவிடும். தகப்பன் பெயரும் தன் பெயருமாக எழுதிக் கொடுத்து, வைத்தியசாலை அட்டையில் அரைவாசியோடு நின்றுபோன பெயரைக் கண்ட எங்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல.

மூன்று நாள் கணக்கு

இனி என் கதை. உணவுப் பொருட்களைக் கடைகளுக்கு விநியோகிக்கும் ஒரு நிறுவனத்துக்கு நாங்கள் கணனி வேலை பார்த்தோம். அப்போது அந்த 'ஓடர்' புறோகிராமுக்கு ஒரே ஒரு பிரதிதான். எந்தச் சாரதி எந்தக் கடைக்கு என்ன இறக்கினார் என்ற அன்றன்றைய பதிவு அந்தப் பிரதிக்குள்ளேயே ஒரு கோப்பாக எழுதப்படும். அதை நள்ளிரவில் வெளியே எடுத்துப் பத்திரப்படுத்துவதற்கு ஒரு சிறு கட்டளைக் கோப்பை நான் எழுதினேன். எங்கிருந்து எடுப்பது என்ற இடத்தில், திரையில் கண்ட மூன்று துண்டுப் பெயரை அப்படியே பார்த்து எழுதினேன்.

ஏழு வாரம் நன்றாக ஓடியது. என் நல்ல காலமோ கெட்ட காலமோ, அந்த ஏழு வாரமும் யாரும் புதிய பதிப்பை வெளியிடவில்லை, பிரதியும் விழவில்லை. எட்டாம் வாரம் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு பதிப்பு வெளியானது. கைரேகை மாறியது, ஐந்தெழுத்தும் மாறியது. பழைய பிரதி மறைந்தது. அதற்குள் இருந்த வெள்ளிக்கிழமைப் பதிவும் அதோடு மறைந்தது. ஒரு பொட் போனால் அதற்குள் மட்டும் எழுதியதும் போய்விடும் என்பதை நான் புத்தகத்தில் படித்துத்தான் இருந்தேன். என் கட்டளைக் கோப்போ நள்ளிரவில் எழுந்து பழைய பெயரைத் தேடி, அப்படி ஒருவர் இல்லை என்று யாரும் பார்க்காத ஒரு மூலையில் எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டது. சனி இரவும் அப்படி, ஞாயிறு இரவும் அப்படி. திங்கள் விடியற்காலை வெள்ளிக்கிழமைப் பதிப்பில் ஒரு பிழை திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். சனியும் ஞாயிறும் அதோடு போயின.

திங்கள் மத்தியானம்தான் தெரிந்தது. அந்த நிறுவனத்தின் அலுவலகத்தில் இருந்த இரண்டு பெண்கள் கடைகடையாகத் தொலைபேசி எடுத்து, என்ன வந்தது, எத்தனை பெட்டி வந்தது என்று கேட்டுக் கேட்டு அந்த மூன்று நாளையும் கையால் எழுதி முடிக்க வியாழன் ஆகியது. அவர்களுக்கு நான் யார் என்றே தெரியாது.

பெயர் என்று திரையில் இருந்ததை நான் ஆளின் பெயராக எடுத்துக்கொண்டேன். தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் மூன்றாம் இலக்க மிசின் என்றால் அது நாளைக்கும் மூன்றாம் இலக்க மிசின்தான். அந்தப் பழக்கத்தோடு வந்தவன் நான். இந்த ஐந்தெழுத்து அப்படியான பெயர் அல்ல. இவரை எந்நேரமும் மாற்றலாம், மாற்றினால் ஒரு நட்டமும் இருக்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. வாயில் வராத பெயர் என்று அம்மா சொன்னது சரி. யாரும் வாயில் வைத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் அதற்குப் பொருத்தம்.

மூத்தது சைபர்

அப்படியென்றால் மாற்ற முடியாதவருக்கு என்ன பெயர்? தரவுத்தளம் இருக்கிறது, அதாவது கணக்குகளையெல்லாம் நிரந்தரமாக வைத்திருக்கும் புறோகிராம். அதற்கு மூன்று பிரதி என்றால் மூன்றும் ஒன்றல்ல. ஒவ்வொன்றுக்கும் தன் தன் வட்டு, தன் தன் பொறுப்பு உண்டு. இப்படிப்பட்டவர்களுக்கு ஸ்ரேற்புல்செற் என்று தனி ஏற்பாடு. இங்கே ஐந்தெழுத்துக் குலுக்கல் இல்லை. பெயருக்குப் பின்னால் 0, 1, 2 என்று வரிசை இலக்கம் மட்டும்.

"அப்ப மூத்த பிள்ளை சைபரே?" என்று அம்மா கேட்டா.

ஓம், மூத்தது சைபர். சைபர் எழும்பித் தயார் என்று சொன்ன பிறகுதான் 1 பிறக்கும், அதன் பிறகு 2. குறைக்கும்போது கடைக்குட்டியிலிருந்து குறையும். 1 ஆம் இலக்கம் விழுந்தால் அதற்குப் பதிலாக எழுவதும் 1 ஆம் இலக்கமே. அதே பெயர், அதே வட்டு. போனவர் விட்ட இடத்திலிருந்து வந்தவர் தொடர்வார். உள்ளுக்குள் மட்டும் இவர் வேறு பிறப்பு: ஒவ்வொரு பிரதிக்கும் பெயருக்கு அப்பால் 36 குறி கொண்ட ஒரு நீண்ட அடையாளம் உண்டு, அது ஒருமுறை கொடுத்தால் இன்னொருவருக்குத் திரும்பக் கொடுக்கப்படுவதில்லை.

நிலையான பெயருக்கு ஒரு விலையும் உண்டு. ஒரு கணனியோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். செத்துவிட்டதா, கம்பி மட்டும்தான் அறுந்ததா என்று தெரியாது. ஐந்தெழுத்துக்காரர் என்றால், வழக்கமான அமைப்பில், ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வேறிடத்தில் புதியவர் ஒருவரை எழுப்பிவிடும். பழையவர் உயிரோடு இருந்தாலும் பாதகமில்லை, பெயர்தான் வேறே. வரிசை இலக்கக்காரருக்கு அப்படிச் செய்ய முடியாது. அந்தப் பக்கத்தில் பழைய 1 இன்னும் உயிரோடு எழுதிக்கொண்டிருக்க, இந்தப் பக்கத்தில் புதிய 1 ஐ எழுப்பினால், ஒரே பெயரில் இருவர் ஒரே கணக்கில் கை வைப்பார்கள். ஆகவே பழையவர் உண்மையிலேயே போய்விட்டார் என்று உறுதியாகும்வரை மீகாமன் காத்திருக்கும். இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்து எழும்பி, ஏன் இது இன்னும் எழவில்லை என்று திட்டிய நாட்கள் எனக்கு உண்டு. இப்போது திட்டுவதில்லை.

2016 யூலையில் இந்த ஏற்பாடு முதன்முதல் வந்தபோது இதற்கு 'பெற்செற்', அதாவது செல்லப்பிராணித் தொகுதி என்று பெயர். அவ்வருட டிசெம்பரில் வந்த 1.5 ஆம் பதிப்பில்தான் இப்போதைய பெயரானது. செல்லப்பிராணிக்குப் பெயர் வைத்து, நோய் வந்தால் வைத்தியம் பார்ப்போம். மந்தை மாட்டுக்கு இலக்கம் போட்டு, செத்தால் வேறு வாங்குவோம் என்று இத்துறையில் ஓர் உவமை உண்டு. அதிலிருந்து வந்த பெயர் அது. மேற்கு நாட்டு மாட்டுப் பண்ணைக்குச் சரியாக இருக்கலாம். எங்கள் வீட்டுப் பட்டியில் பெயரில்லாத மாடு ஒன்றும் இருந்ததில்லை.

போர்க் படிப்பித்தது

இலக்கம் வைப்பது நல்லதென்றால் எல்லோருக்குமே வரிசை இலக்கம் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். கூகிளின் போர்க்கில் அப்படித்தான் இருந்தது. ஒரு வேலைக்கு நூறு பிரதி என்றால் அவற்றுக்குத் தொடர் இலக்கம். நடுவில் உள்ள ஒன்றை எடுத்துவிட்டால் வரிசையில் ஓட்டை விழும். அதைவிடப் பெரிய சிக்கல் பெயரில் வந்தது. பல வேலைகளைச் சேர்த்துக் கையாள வேறு வழி இல்லாதபடியால், எந்தச் சேவை, எந்தப் பகுதி என்ற விபரங்களையெல்லாம் ஆட்கள் வேலையின் பெயருக்குள்ளேயே திணித்தார்கள். பிறகு அந்தப் பெயரை வெட்டிப் பிரித்து வாசிக்கும் மென்பொருள்களையும் எழுதினார்கள். 2015 இலும் 2016 இலும் கூகிள் பொறியியலாளர் எழுதிய கட்டுரைகளில் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். நான் ஒரு பெயரை நம்பிச் செய்ததை அவர்கள் பெரிய அளவில் செய்து பார்த்துக் களைத்திருந்தார்கள் என்று படித்தபோது, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

அதனால் குபர்னெற்றிஸில் பெயரையும் விபரத்தையும் பிரித்தார்கள். ஒவ்வொரு பிரதியின் கழுத்திலும் எத்தனை லேபலும் தொங்கவிடலாம்: இன்ன புறோகிராம், இன்ன பதிப்பு, இன்ன பகுதி. நடுத்துண்டுக் கைரேகையும் ஒரு லேபலாகத் தொங்கும். தன் பத்துப் பிரதிகளை மீகாமன் அடையாளம் காண்பது பெயரால் அல்ல, இந்த லேபல்களால்தான். ஒரு பிரதி நோய்ப்பட்டுவிட்டது, கொல்லாமல் எடுத்து வைத்து ஆராயவேண்டும் என்றால் அதன் லேபலை மாற்றிவிடுவோம். மீகாமன் அதைத் தன் கணக்கிலிருந்து விட்டுவிட்டு, குறைந்த இடத்துக்குப் புதிதாக ஒன்றை எழுப்பும். நோயாளி அதே பெயரோடு ஒரு பக்கத்தில் இருந்து ஆறுதலாகப் பரிசோதனைக்கு ஆளாகும்.

அந்த மூன்று நாளுக்குப் பிறகு என் கட்டளைக் கோப்பைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். பதிவுகள் இப்போது பிரதிக்குள் தங்குவதே இல்லை. எழுதப்படும்போதே வெளியே ஒரு களஞ்சியத்துக்குப் போய்விடும். நள்ளிரவில் ஓடும் வேலை பெயரைத் தேடாது. 'ஓடர்' என்ற லேபல் உள்ள எல்லோரையும் கேட்டு, எத்தனை பேர் என்று எண்ணி, ஒருவரும் இல்லையென்றால் என் தொலைபேசியை அடிக்கும்.

அந்த நள்ளிரவு வேலைக்கும் மீகாமன்தான் பெயர் வைக்கிறது. இங்கே குலுக்கலும் இல்லை, வரிசையும் இல்லை. 1970 சனவரி முதலாம் திகதி தொடக்கம் அந்த வேலைக்குக் குறித்த நேரம் வரை எத்தனை நிமிடம் என்று எண்ணி, அந்த எண்ணைப் பின்னால் ஒட்டும். குறித்த நேரம் ஒன்றுதான், எனவே பெயரும் ஒன்றுதான். மறதியில் ஒரே இரவு வேலையை இருமுறை தொடங்கப் பார்த்தாலும் இரண்டாவதற்கு அப்பெயர் கிடைக்காது. 2026 சனவரி முதலாம் திகதி, கிறீனிச் நேரப்படி நள்ளிரவில் எழுந்த வேலையின் பின்னால் 29453760 என்று இருந்தது.

அதையும் அம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, எட்டு இலக்கத்தையும் விரலால் எண்ணிப் பார்த்தா.

"இது லொத்தர் நம்பர்தான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனா.